ஒரே கோப்பில் வந்த மாப்பிள்ளைகள்

உ
சிவமயம்

பூவரசங்குளம்,
வவுனியா.
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் ஜெயந்தன் அவர்களுக்கு,

பிள்ளையாரைக் கும்பிட்டு அத்தான் அப்புத்துரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உமது அக்கா இராசமலரும் மகள் தாட்சாயினியும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். லப்டொப் மட்டும் இரண்டு தடவை விழுந்து எழும்பியது. அதைப் பற்றிக் கீழே விபரமாக எழுதியிருக்கிறேன். கனடாவில் நீரும் மனைவி பிள்ளைகளும் குளிர் தொடங்க முன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருப்பீர்கள் என நம்புகிறேன். இதை நான் வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வட்ஸ்அப்பில் நான் ஒரு வசனம் அடித்து முடிக்க முன் நீர் பெருவிரல் படத்தை அனுப்பிவிடுகிறீர். இது பெருவிரலோடு முடிகிற விடயம் அல்ல. அதனால் பொறுமையாக இருந்து வாசியும்.

விடயம், நீர் அனுப்பிய பென் ட்ரைவ். உங்கள் ஊர்ச் சங்கத்தின் திருமண சேவையில் நீர் செயற்குழுவில் இருப்பதால், தாட்சாயினிக்கு நல்ல இடமாக இரண்டு மூன்று பாரும் என்று நான் கேட்டது உண்மை. அதற்கு நீர் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. "அத்தான், நான் தெரிஞ்செடுத்து அனுப்பினா நாளைக்கு ஒண்டு பிழைச்சா என்னைத்தான் சொல்லுவியள். எல்லாத்தையும் அனுப்புறன், நீங்களே பாருங்கோ." எல்லாம் என்றால் ஒரு கடித உறைக்குள் அடங்கும் என்று நான் எண்ணினேன். நீரோ சங்கம் தொடங்கிய நாள் முதல் பதிந்த அத்தனை மாப்பிள்ளைகளையும் சாதகம், படம், தாய் தகப்பன், சொத்து, எதிர்பார்ப்பு சகிதம் ஒரே கோப்பாகக் கட்டி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உமது நண்பர் கையில் கொடுத்துவிட்டீர். சொக்கிலேற்றுப் பெட்டிக்கும் தைலப் போத்தலுக்கும் நடுவில் விரல் நகமளவு சாமானில் அவ்வளவு பேரும் வந்து சேர்ந்தார்கள். அக்கா சொக்கிலேற்றைப் பார்த்துவிட்டு உம்மை வாழ்த்தினார். கோப்பைத் திறந்த பிறகு வாழ்த்தவில்லை.

தாட்சாயினியின் நிலைமை உமக்குத் தெரியும். கிளிநொச்சியில் உள்ள ஒரு கணினி நிறுவனத்துக்கு வீட்டில் இருந்தே புரோகிராம் எழுதுகிறாள். வயது முப்பத்துமூன்று. வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒன்றில் நட்சத்திரத்தில் நின்றன, அல்லது செவ்வாயில் நின்றன, இரண்டும் தாண்டி வந்தவை வாசல் வரை வந்து நின்றன. ஒவ்வொரு தடவையும் அவள் சேலை உடுத்துத் தேத்தண்ணி கொண்டுவந்து, பிறகு சேலையை மடித்து அலுமாரியில் வைப்பதைப் பார்க்க எனக்கே அலுத்துவிட்டது. உமது பென் ட்ரைவ் வந்த அன்று அவள் எங்கள் இருவரையும் கதிரையில் இருத்திச் சொன்னாள்: "அப்பா, அம்மா, இதுதான் கடைசி. இதில எத்தனை பேர் இருக்கினமோ அத்தனை பேரையும் பாப்பம். பொருத்தம் பாக்கிற புரோகிராமை நானே எழுதுறன், நேர்மையா எழுதுவன். ஒருத்தரும் பொருந்தேல்லையெண்டா அதுக்குப் பிறகு இந்த வீட்டில கலியாணக் கதை இல்லை. ஓமோ?" நான் ஓம் என்றேன். அக்கா மூக்கை உறிஞ்சினார். எங்கள் வீட்டில் அதுவும் ஓம்தான். ஆக, கலியாணம் வேண்டாம் என்கிற பிள்ளையே கலியாணம் தேடும் புரோகிராமை எழுதுகிற நிலைமை. இதில் எனக்குள்ள கவலையை அப்போது நான் வெளியில் சொல்லவில்லை.

எங்கள் வழக்கம் உமக்கு மறந்திருக்காது. வந்த சாதகத்தை முதலில் சாமியறையில் படத்துக்கு முன்னால் மூன்று நாள் வைக்கவேண்டும்; அதற்குள் கெட்ட சகுனம் ஒன்றும் இல்லையென்றால்தான் பொருத்தம் பார்க்கக் கொடுப்பது, ஏதாவது நடந்தால் குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லித் திருப்பிவிடுவது. அக்கா பென் ட்ரைவை மஞ்சள் தண்ணீரில் கழுவ வெளிக்கிட்டார். தாட்சாயினி குசினிக்குள் ஓடிவந்து பறித்து, துணியால் துடைத்தால் காணும், அதுவே போதும் என்றாள். துடைத்து, வெற்றிலையில் வைத்து, சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. இரண்டாம் நாள் பல்லி சொன்னது. "இது சரிவராது, திருப்பி அனுப்புவம்" என்றார் அக்கா. "ஆரை?" என்று கேட்டேன். "எல்லாரையும்தான்" என்றார். "அப்ப கதை முடிஞ்சுது, நான் என்ர வேலையைப் பாக்கிறன்" என்று தாட்சாயினி சொன்ன வேகத்தைக் கண்டு அக்கா பயந்துபோய் ஓமந்தைச் சாத்திரியாரிடம் பஸ் ஏறினார். சாத்திரியார் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஒரு பல்லி ஒரு சாதகத்துக்குத்தான் சொல்லும். மொத்தமாச் சொல்லுற பல்லி இல்லை, அம்மா. எந்தத் திசையில சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். பிரிட்ஜுக்குப் பின்னால் என்றிருக்கிறார் அக்கா. பிரிட்ஜ் எந்தத் திசை என்று கேட்க, முந்தநாள்தான் அதை இடம் மாற்றினது என்று அக்கா சொல்ல, அப்படியென்றால் அந்தச் சகுனம் செல்லாது என்று தீர்ப்பாகியது. தன் தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான்.

பிறகு கோப்பைத் திறந்தோம். அது எக்ஸ்.எம்.எல் என்கிற முறையில் எழுதப்பட்டதாம். ஒவ்வொரு ஆளுக்கும் மாப்பிள்ளை தொடங்குகிறார் என்று ஒரு குறி, மாப்பிள்ளை முடிகிறார் என்று ஒரு குறி. நடுவில் உயரம் தொடங்கி உயரம் முடியும், நட்சத்திரம் தொடங்கி நட்சத்திரம் முடியும். ஒழுங்கான வேலை, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் படங்களையும் எழுத்தாக மாற்றி உள்ளே அடைத்து வைத்திருக்கிறீர்கள். ஒருவரின் படத்தைக் காட்டச் சொன்னேன். ஆங்கில எழுத்தும் இலக்கமும் திரை திரையாக ஓடின. "இதில மூக்கு எது, பிள்ளை?" என்று அக்கா கேட்டார். "இன்னும் நெத்தியே முடியேல்லை அம்மா" என்றாள் மகள்.

இனி நடந்ததில் என் பங்கும் இருக்கிறது. நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்து இளைப்பாறியவன் என்பதால் எனக்கென்று ஒரு முறை உண்டு. ஸ்டொக் எடுக்கிற நாளில் கதவைப் பூட்டி, கடைசிச் சவர்க்காரக் கட்டி வரை இறக்கி நிலத்தில் பரப்பி, எல்லாம் கண்ணால் கண்ட பிறகுதான் முதல் ஆளுக்குச் சீனி நிறுப்பேன். வெளியில் சனம் கத்தும், கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். அதே மாதிரி இந்தக் கோப்பையும் முழுக்கத் திறந்து, எல்லா மாப்பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்து, ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும் என்று சொன்னேன். "அப்பா, லப்டொப் தாங்காது" என்றாள். தாங்கும் என்றேன். லப்டொப் அவளுடையது, நம்பிக்கை என்னுடையது. சரி, கண்ணால் கண்டால்தான் விளங்கும் என்று அவள் அப்படியே எழுதி ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அதன் விசிறி நெல்லுக் குத்துகிற மில் மாதிரிச் சத்தம் போடத் தொடங்கியது. அடிப்பக்கம் தோசை வார்க்கிற சூட்டுக்கு வந்தது. பிறகு சத்தமும் நின்றது, திரையும் நின்றது, அன்றைக்கு அவள் நிறுவனத்துக்குச் செய்து வைத்திருந்த வேலையும் நின்றது. அக்கா கற்பூரம் கொண்டுவந்தார். மகள் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ" என்று அன்றைக்குத்தான் பொறுமையாகச் சொன்னாள். "முழுக் கோப்பையும் தூக்கித் தன்ர தலைக்குள்ள வைக்கப் பாத்தது, இடம் காணேல்லை. இதை ஓடவிட்டுத்தான் வாசிக்கோணும். கிளினிக்கில நம்பர் கூப்பிடுற மாதிரி. ஒரு ஆள் உள்ள வருவார், பாப்பம். பொருந்தினா பேரை எழுதி வைப்பம், பொருந்தாட்டி அனுப்பிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவம். ஒரு நேரத்தில ஒரு ஆள்தான் உள்ள இருப்பார். கோப்பு எவ்வளவு பெரிசெண்டாலும் லப்டொப்புக்குச் சுமை இல்லை."

"அனுப்பின ஆளைத் திரும்பிப் பாக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலாது. பாக்கோணுமெண்டா திரும்ப முதல்ல இருந்துதான்."

"அப்ப, இப்ப பொருந்தினவரை விட பின்னுக்கு நிக்கிறவர் திறமெண்டால்?"

இதற்கு மகள் பதில் சொல்ல முன் குசினிக்குள் இருந்து உமது அக்காவின் குரல் வந்தது. "உங்களை எனக்குப் பேசின நேரம் பின்னுக்கு ஆர் நிண்டவை எண்டு ஆர் பாத்தது?" இதை அவர் எந்தக் கருத்தில் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பதும் குடும்ப வாழ்க்கையில் ஒரு முறைதான்.

ஆகவே ஓடவிட்டு வாசிக்கிற புரோகிராமை எழுதினாள். நிபந்தனைகளை நாங்கள் சொல்லச் சொல்ல உள்ளே போட்டாள். நட்சத்திரமும் செவ்வாயும் சாத்திரியார் தந்தது. உயரமும் படிப்பும் நிரந்தர வேலையும் நான் தந்தது. மகளுக்கு மச்சாள்மாராக வரும் மாப்பிள்ளையின் சகோதரிமார் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அக்கா தந்தது. அந்த நிபந்தனையில் மட்டும் அவர் அசையவேயில்லை. குடிப்பழக்கம் என்கிற இடத்தில் ஒருவர் இடைக்கிடை என்று எழுதியிருந்தார். அது என்ன அளவு என்று மகள் கேட்டாள். கூட்டுறவுக் கடையில் இருந்த அனுபவத்தில் இடைக்கிடை என்பது தினசரியைக் குறிக்கும் என்று சொன்னேன். உண்மையை எழுதிய ஒரே ஆள் அப்படித்தான் வெளியே போனார்.

முதல் ஓட்டம் நன்றாகத் தொடங்கியது. இலக்கங்கள் ஓடின, மாப்பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். ஆனால் மத்தியானச் சோறு சமைத்து முடிவதற்குள் விசிறி மறுபடியும் மில் சத்தம் போடத் தொடங்கியது. லப்டொப் இரண்டாம் தடவையும் விழுந்தது. மகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "என்ர பிழைதான் அப்பா. ஆக்களைத் தள்ளிவிட்டனான், ஆனா வெளிய அனுப்ப மறந்திட்டன். வேண்டாமெண்ட ஆக்கள் எல்லாரும் உள்ளுக்கையே இருந்திட்டினம். ஒவ்வொருத்தரா அழிச்சாத்தான் இடம் வரும்" என்றாள். இதைக் கேட்டதும் அக்காவின் முகம் ஒரு மாதிரியாகியது. வவுனியா வங்கியில் வேலை செய்த பெடியன் ஒருவனை நாங்கள் செவ்வாய் என்று விட்டதும், அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் என்பதும், மூத்தது நல்லாய்ப் படிக்கிறது என்பதும் அவர் கிழமைக்கு ஒரு தடவையாவது எடுக்கிற கதை. அன்றைக்கு எடுக்கவில்லை. "அப்ப அழி" என்று மட்டும் சொன்னார். மகள் ஒரு வரி சேர்த்தாள்.

அதற்குப் பிறகுதான் சிவப்பு எழுத்து வந்தது. நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, அக்கா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, புரோகிராம் திடீரென்று திரை முழுக்கச் சிவப்பில் ஏதோ கத்திவிட்டு நின்றது. என்னவென்று பார்த்தால், பிறந்த நேரம் என்று இலக்கம் போடவேண்டிய இடத்தில் ஒரு தாய் 'பங்கருக்குள் இறங்க முன்' என்று எழுதியிருந்தார். புரோகிராமுக்கு அது நேரமாகத் தெரியவில்லை. யுத்த காலத்தில் குண்டுவீச்சுக்குப் பங்கருக்குள் ஒளித்த எங்களுக்குத் தெரிந்தது. அக்கா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாவம், சரியாத்தான் எழுதியிருக்கிறா" என்றார். பிறகு சிவப்பு எழுத்துக்குத் திரும்பினார். "இது என்ன சொல்லுது?"

"பிழை எண்டு சொல்லுது அம்மா."

"நல்ல காரியம் பாக்கிற நேரத்தில பிழை எண்ட சொல் வரப்படாது. அதுவும் சிவப்பில. எடு அதை."

"அம்மா, பிழை வந்தா எங்களுக்குத் தெரியோணும். அதுக்குத்தான் அது கத்துறது."

"கத்துறதெண்டா வேற வீட்டில போய்க் கத்தட்டும். என்ன வந்தாலும் பேசாமல் இருக்கச் சொல்லு. முடிவில பச்சையில 'சுபம்' எண்டு போடு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு, என்ன நடந்தாலும் சிவப்பில் ஒன்றும் சொல்லக்கூடாது, முடிகிற நேரம் பச்சையில் சுபம் என்று வரவேண்டும் என்று எழுதினாள். பங்கர்த் தாயின் பிள்ளைக்கு நேரத்தைச் சாத்திரியாரிடம் கேட்டுப் போடலாம் என்று அந்த இடத்தைச் சும்மா விட்டுத் தாண்டவும் செய்தாள்.

மூன்றாம் ஓட்டம் வியாழக்கிழமை காலமை. விசிறி சத்தமே இல்லை. லப்டொப் குளிர்ந்துபோய் இருந்தது. மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, நின்று, போய், அழிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் நட்சத்திரத்தில் போனார், ஒருவர் உயரத்தில் போனார், ஒருவர் எல்லாம் தாண்டி வந்து மச்சாள்மாரில் போனார். கடைசியில் ஓட்டம் நின்று, திரையில் இரண்டு வரி வந்தது. பொருந்தியவர்கள்: ஒருவரும் இல்லை. அதற்குக் கீழே, பச்சையில், சுபம்.

தம்பி, எனக்கு மனம் விழுந்துவிட்டது, மறைக்கத் தேவையில்லை. கொடுத்த வாக்கு வாக்குத்தான், அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சந்தோஷப்படவில்லை. லப்டொப்பை மூடி வைத்துவிட்டு, வயல் பக்க ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். "என்ன பிள்ளை?" என்றேன். "ஒண்டுமில்லையப்பா, வேலை கிடக்கு" என்று எழும்பிப் போனாள். அவளும் உள்ளுக்குள் எதையோ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அக்கா குசினிக்குள் போய்த் தேவைக்கு மேலே வெங்காயம் வெட்டினார்.

ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் பின்வருமாறு. தாட்சாயினியின் கலியாண விடயம் இத்துடன் முடிந்தது. நீர் இனிமேல் தனி மாப்பிள்ளையோ மொத்த மாப்பிள்ளையோ எதுவும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் சங்கத்தில் அவளுடைய பச்சைச் சேலைப் படம் இருக்கிறது, அதை எடுத்துவிடும். அக்கா உம்மோடு தொலைபேசியில் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் காலநிலையைப் பற்றிக் கேளும். என் மகள் தன் உழைப்பில் நிற்கிற பிள்ளை, அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று உறவுக்காரர் எல்லோருக்கும் நீரே சொல்லிவிடும். நான் சொன்னால் தேற்றுகிற மாதிரி இருக்கும். நான் இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறேன். இவ்வளவு அமைதி வந்தபிறகு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

உமது குடும்பத்துக்கு எல்லா நலமும் கிடைக்க எங்கள் குளக்கட்டுப் பிள்ளையார் துணை நிற்பார். சின்னவனுக்குத் தமிழ் வகுப்பை நிறுத்த வேண்டாம். சொக்கிலேற்று நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
க. அப்புத்துரை

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது தாட்சாயினி வந்து முன்னால் நின்றாள். "அப்பா, நேற்று அது முழுக்க வாசிக்கேல்லை" என்றாள். கடைசியாகக் கடந்துபோனவர் பதிந்தது கொரோனாவுக்கு முந்திய வருடமாம். அதற்குப் பிறகு கனடாவில் ஒருவருக்கும் கலியாண ஆசை வரவில்லையா என்று யோசித்து, காலமை கோப்பைத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். பாதியில் ஒருவரின் சொத்து விபரத்தில் 'வயல் & தோட்டம்' என்று நடுவில் ஒரு முறுக்குக் குறி. அந்தக் குறிக்கு அந்தக் கோப்பின் மொழியில் வேறு வேலையாம், அதை அப்படியே போட்டால் வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடுமாம். அந்த விபரத்தைக் கோப்பில் அடித்தவர் பெயர் ஜெயந்தன் என்று பக்கத்தில் இருக்கிறது, உமக்கு வாழ்த்துக்கள். புரோகிராம் அங்கே தடக்கி விழுந்திருக்கிறது. சிவப்பில் கத்தக்கூடாது என்பது அக்காவின் கட்டளை என்பதால், மரியாதையாகச் சுபம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. மிச்சப் பாதிப் பேரை ஒருவரும் பார்க்கவேயில்லை.

"நீ சொல்லாமல் விட்டிருக்கலாம்தானே, பிள்ளை" என்றேன். அவள் சொல்லாவிட்டால் எனக்கு வாழ்நாளில் தெரியவந்திராது.

"பாதியில நிண்டதை முடிஞ்சுது எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? உங்களுக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரியுமே" என்றாள். அவளுடைய புரோகிராமைப் பற்றி இத்தனை நாளும் நான் வைத்திருந்த சந்தேகத்துக்காக வெட்கப்பட்டேன்.

குறியைத் திருத்தினாள், சிவப்பு எழுத்தையும் திரும்பக் கொண்டுவந்தாள், பொருந்துகிற ஆளின் விபரம் அந்தந்த நேரமே திரையில் வரும்படியும் செய்தாள். வெள்ளிக்கிழமை பத்தரை மணி ராகு காலத்தில், விளக்கும் இல்லை, வெற்றிலையும் இல்லை, அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருக்க, முதலில் இருந்து ஓடவிட்டாள். பழைய ஆட்கள் எல்லோரும் மறுபடி வந்து மறுபடி போனார்கள். உமது வயல் & தோட்டக்காரரும் சுகமாகக் கடந்து போனார். அதற்குப் பிறகு கொஞ்சத் தூரத்தில் ஒரு பெயர் வந்து நின்றது. பிரதாபன், சொந்த இடம் புதுக்குடியிருப்பு. நட்சத்திரம், செவ்வாய், உயரம், மச்சாள்மார், எல்லாம் தாண்டி வந்திருக்கிறார். எதிர்பார்ப்பு என்கிற இடத்தில் மற்றவர்கள் எல்லோரும் அடக்கமான, குடும்பப் பாங்கான என்று எழுதிவைத்திருக்க, இவர் எழுதியிருப்பது இது: 'இதை அம்மா பதிஞ்சவா. என்ர பேரில இப்பிடி ஒரு பதிவு இருக்கிறது பிந்தித்தான் தெரியும். அழிப்பம் எண்டன், அழத் தொடங்கினா, விட்டிட்டன். நல்லாச் சமைப்பன், புட்டு மட்டும் கட்டிபடும். கதைச்சுப் பாக்கிறதில மறுப்பில்லை.'

தாட்சாயினி அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளை விடயத்தில் அவள் சிரித்து நான் கண்டதில்லை. திரும்ப ஒரு தடவை வாசித்து, திரும்பவும் சிரித்தாள். கீழே இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அடுத்தடுத்த ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினாள். எல்லாம் நின்றது.

"என்ன, திரும்பவும் தடக்கிப்போட்டுதோ?" என்றேன்.

"இல்லையப்பா. நான்தான் நிப்பாட்டினனான்."

"மிச்சம் எவ்வளவு பேர் கிடக்கினம், பிள்ளை. முழுக்கப் பாக்காமல்..."

"காணும் அப்பா" என்றாள்.

ஆகவே, தம்பி, மேலே எழுதியதில் உமது சுகத்தை விசாரித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் அவ்வளவையும் விட்டுவிடும். பச்சைச் சேலைப் படத்தை எடுக்க வேண்டாம். தொலைபேசி இலக்கங்கள் உங்கள் சங்கத்தில்தான் இருக்குமாம், பிரதாபனின் இலக்கத்தை இன்றைக்கே அனுப்பும். தாயாரின் இலக்கம் அல்ல, அவருடைய இலக்கம். கதைக்கப் போவது நானில்லையாம்.